ஃபோர்டு எஃப்-1 டிரக்கின் ஸ்டியரிங்கைப் புதுப்பிப்பது எப்படி? சக்கரத்தில் தொடங்குங்கள், பெட்டியைக் கடைசியில் தொடுங்கள்

1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 டிரக் ஒன்றை அமெரிக்காவில் வாங்கி, அதை ஹாட் ராடாக, அதாவது என்ஜினையும் தோற்றத்தையும் மாற்றியமைத்த பழைய வண்டியாக, மாற்றும் ஆசையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரோ பாதி மாற்றி வைத்த வண்டியை வாங்கிவிட்டு, நேர்ச் சாலையில்கூட ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே ஓட்டுபவர்களுக்கும் இது உதவும். நானும் அந்தப் பாட்டைப் பட்டேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்டியரிங் பெட்டியை மாற்று என்றார் ஒருவர், முன்பக்கத்தையே வெட்டி எறி என்றார் இன்னொருவர். எந்த வேலையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று யாருமே சொல்லவில்லை. வரிசை தெரிந்திருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் பழைய முன் ஆக்ஸிலையும் கெம்மர் வகை ஸ்டியரிங் பெட்டியையும் (ஸ்டியரிங் வீலின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றுவது) வைத்துக்கொண்டே வண்டியைச் சீராக்குவது பற்றி. மஸ்டாங் 2 வகை முன் சஸ்பென்ஷனுக்கோ, டொயோட்டா டிரக்கின் பவர் ஸ்டியரிங் பெட்டிக்கோ மாறுவது வேறு கதை. அவற்றுக்கு வெல்டிங் வேண்டும், பணமும் பல மடங்கு வேண்டும். நல்ல நிலையில் உள்ள கெம்மர் பெட்டி நெடுஞ்சாலையில் நிம்மதியாகவே ஓடும். 1948-56 கால ஃபோர்டு டிரக் பெட்டிகளைத் தேடிப் பிடித்து மற்றப் பழைய வண்டிகளில் பொருத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் சேஸியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். எஃப்-1ல் கையுறைப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கதவை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். சேஸி பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, பொறித்த எண்ணைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யாராவது அந்த இடத்தின்மேல் பிராக்கெட் வைத்து வெல்டு செய்துவிட்டால் பதிவு அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தேய்ந்த எண்ணை நீங்களே திரும்பப் பொறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டி எண்ணைத் திருத்துவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

பதிவு வகையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பல மாநிலங்களில் 1949க்கு முன் தயாரான, மாற்றியமைத்த வண்டி 'ஸ்ட்ரீட் ராட்' வகையில் வரும். 1949 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாகவும் குறைந்தது 25 ஆண்டு பழையதாகவும் இருந்தால் 'கஸ்டம் வெஹிக்கிள்' வகையில் வரும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் 1948, 1949 எஃப்-1கள் இதனால் வெவ்வேறு விண்ணப்பத்தில் போகின்றன. 'ஆன்டிக்' எண் பலகை மலிவு, ஆனால் பல இடங்களில் அன்றாடம் ஓட்டத் தடை உண்டு. பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. டெக்சஸில் தனியார் வண்டிகளுக்கு 2025 ஜனவரி முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. சோதனை இல்லாத ஊரில் இருப்பவர்கள் தாங்களே தங்களுக்குச் சோதனையாளராக இருக்க வேண்டும்.

இரண்டு தாள்கள் இன்னும் வேண்டும். ஒன்று, 1948-51 ஃபோர்டு டிரக் பழுதுபார்ப்புக் கையேட்டின் மறுபதிப்பு. இறுக்க அளவுகள் எல்லாவற்றுக்கும் அதுவே கடைசிச் சொல். இன்னொன்று, காப்பீட்டுக்காக நீங்கள் தொடங்கும் கோப்பு. பழைய வண்டிகளுக்கு மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தரும் காப்பீட்டில் ரசீதும் படமும் இல்லாத வேலை செய்யாத வேலைக்குச் சமம். இன்று வாங்கும் ஸ்பிளிட் பின்னிலிருந்தே (நட்டு கழலாமல் பூட்டும் சிறு கம்பி) ரசீதைச் சேருங்கள்.

2. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு வேலைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். இதற்குப் பணம் ஒரு டாலர்கூட ஆகாது. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும்.

முன்சக்கரங்கள் தரையில் இருக்கட்டும், என்ஜின் ஓட வேண்டாம். உதவியாளர் ஸ்டியரிங் வீலை இடமும் வலமுமாகச் சிறிதளவே, விட்டுவிட்டு ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். மூட்டின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடும்படி விரலைக் குறுக்கே வையுங்கள். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகர்ந்தால் விரல் நுனியில் ஒரு சின்ன 'டக்' தெரியும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள்.

பெட்டிக்கு வரும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஸ்டியரிங் வீல் நகர்ந்து எவ்வளவு நேரம் கழித்து பிட்மேன் ஆர்ம் (பெட்டியிலிருந்து வெளியே நீளும் கை) நகர்கிறது? அது பெட்டிக்குள் இருக்கும் ஆட்டம். பெட்டியே சேஸியின்மேல் அசைகிறதா? அப்படியென்றால் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சேஸி பட்டையில் விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் எண்ணெய் அழுக்குக்குள் ஒளிந்திருக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் உச்சியையும் அடியையும் இரு கையால் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடியும் அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாமல் அப்படியே இருந்தால் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் முளை. வீல் பேரிங்கை இறுக்கினால் போதும் என்ற இடத்தில் கிங் பின்னை அடித்துக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டியரிங் வீலின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சக்கரம் திரும்பத் தொடங்கும் வரை விளிம்பு எத்தனை அங்குலம் சும்மா சுற்றுகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வணிக வாகனங்களுக்கான கூட்டாட்சி விதியில் 18 அங்குல வீல் உள்ள கைஸ்டியரிங்குக்கு 2¼ அங்குலம்தான் உச்ச வரம்பு. உங்கள் வண்டி வணிக வாகனம் அல்ல. ஆனாலும் அந்த எண்ணைத் தாண்டினால் வேலை முடியும்வரை சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இந்தச் சோதனையில் பெரும்பாலும் தெரியவருவது, ஆட்டம் ஓரிடத்தில் இல்லை, ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது என்பதுதான். பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகு இருப்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் முறுக்குகிறார்கள். என் வண்டியின் முந்தைய உரிமையாளர்களில் யாரோ அதை முடிந்தமட்டும் முறுக்கி வைத்திருந்தார். ஆட்டம் கிங் பின்னிலும் டிராக் லிங்க்கிலும் (பிட்மேன் ஆர்மின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) இருந்தது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே உருளும் ரோலரின் பல்லில் தோல் உரிந்ததுபோல் எஃகு பெயர்ந்து குழி விழுந்திருந்தது. சரிசெய்ய வேண்டியது ஒன்று, பழுதானது மற்றொன்று.

3. பணமும் நாளும்

நான் விசாரித்த வரையில், கிங் பின் தொகுப்பு 60 முதல் 120 டாலர். புஷ்களை (முளை சுழலும் உலோக வளையங்கள்) ரீமர் போட்டு, அதாவது துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கித் தர லேத் பட்டறை 75 முதல் 150 வரை கேட்கும். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள் இரண்டும் சேர்த்து 50 முதல் 100. டிராக் லிங்க்கின் உள்பாகங்கள் 30 முதல் 60. பெட்டிக்கு பேரிங், புஷ், சீல் மட்டும் போதுமென்றால் 100 முதல் 200க்குள் முடியும். வார்மும் (ஸ்டியரிங் தண்டின் முனையிலுள்ள திருகுப் பல்) செக்டர் ஷாஃப்டும் (பிட்மேன் ஆர்மைத் திருப்பும் தண்டு) புதிதாக வேண்டுமென்றால் 300 முதல் 500 கூடுதலாக ஆகும். கடைசியில் வீல் அலைன்மென்டுக்கு 100 முதல் 200. ஆக, வார்மும் செக்டர் ஷாஃப்டும் நன்றாக இருந்தால் 415-830 டாலரில் கரையேறலாம். அவையும் போயிருந்தால் 715-1,330 என்று எடுத்து வையுங்கள்.

பிட்மேன் ஆர்ம் புல்லர், ஸ்டியரிங் வீல் புல்லர் ஆகியவற்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு கருவியை இரவல் தருகின்றன, திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்புகிறது. ஒன்றை மட்டும் கட்டாயம் சொந்தமாக வாங்குங்கள், அங்குல அளவு ஸ்பேனர் செட். மில்லிமீட்டர் ஸ்பேனரோடு வளர்ந்த நமக்கு 'கிட்டத்தட்டப் பொருந்துகிறதே' என்று தோன்றும். 9/16 அங்குல நட்டில் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காரும், 70 ஆண்டுத் துருவோடு மல்லுக்கட்டும்போது முனைகளை உருட்டிவிடும்.

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்பவருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதில் பாதி காத்திருப்புதான், பொருள் வரவும் பட்டறையில் முறை வரவும். ஆகவே பட்டறையில் இடம் பிடித்துவிட்டுக் கழற்றத் தொடங்குங்கள். புதுப்பித்த பெட்டியைப் பழையதற்கு மாற்றாக வாங்கினால் 'கோர்' வைப்புத்தொகை பிடிப்பார்கள். பழைய பெட்டியைக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால்தான் அது கைக்கு வரும். உடைந்த வார்ப்பை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கிங் பின்

சக்கரம், டிரம், பிரேக் தகடு ஆகியவை முதலில் வெளியே வர வேண்டும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், முகமூடி அணியுங்கள்.

ஆக்ஸிலின் கண்ணுக்குக் குறுக்கே ஒரு பூட்டு முளை இருக்கும். அதுதான் கிங் பின்னைச் சுழலவிடாமல் பிடித்திருப்பது. அதை எடுக்காமல் கிங் பின்னை மேலிருந்து அடித்தால் பின்னின் தலை விரிந்து, எந்தப் பக்கமும் போகாமல் நின்றுவிடும். துரு கரைக்கும் எண்ணெயை நாலைந்து நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் விட்டு வையுங்கள். அப்படியும் வராவிட்டால் பட்டறையின் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள்.

பின் வெளியே வந்ததும், புதிய பின்னை ஆக்ஸிலின் கண்ணில் நுழைத்துப் பாருங்கள். அங்கேயே ஆடினால் ஆக்ஸிலின் துளை தேய்ந்திருக்கிறது, புஷ் மாற்றிப் பயனில்லை. துளையைக் கடைந்து ஸ்லீவ் போட வேண்டும். இதைப் பார்க்காமல் பூட்டிவிட்டு, புதுக் கிங் பின் போட்டும் ஆட்டம் போகவில்லை என்று அலைபவர்கள் அதிகம்.

ஸ்டப் ஆக்ஸிலில் (சக்கரம் மாட்டியிருக்கும், கிங் பின்னில் திரும்பும் பாகம்) வெண்கல புஷ்களை ஏற்றும்போது புஷ்ஷின் துளையும் கிரீஸ் நிப்பிளின் துளையும் நேராக இருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் கிரீஸ் உள்ளே போகாது. அடுத்தது ரீமர். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்ட, வழிகாட்டித் தண்டு உள்ள நீள ரீமர் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் தேய்த்தால் பின் கோணலாக உட்கார்ந்து ஸ்டியரிங் கனத்துப்போகும். சரியாக வெட்டிய புஷ்ஷில் எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்கும், தானாக விழாது.

எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் ஆக்ஸிலுக்குக் கீழே, ஸ்டப் ஆக்ஸிலின் அடிக்கைக்கு மேலே உட்காரும். அதன் மூடிய பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே தேங்கும். மேலே மிஞ்சும் இடைவெளியை ஷிம் தகடு போட்டுக் குறையுங்கள். 0.005 அங்குல ஃபீலர் கேஜ் இறுக்கமாக நுழையும் அளவே போதும். கிரீஸ் அடிக்கும்போது ஆக்ஸில் தூக்கிய நிலையில் இருந்தால்தான் த்ரஸ்ட் பேரிங்குக்கும் கிரீஸ் போய்ச் சேரும்.

5. டை ராட், டிராக் லிங்க்

டை ராடின் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பூட்டும்போது அதே இடத்துக்கு வந்தால் தோராயமான டோ அளவு (முன்சக்கரங்கள் முன்னால் ஒன்றையொன்று நோக்கிச் சற்று உள்வாங்கும் அளவு) கையில் இருக்கும்.

டிராக் லிங்க்கில் ஸ்பிரிங் தாங்கிய கிண்ணங்கள் பந்தை இரு பக்கமும் பிடித்திருக்கும், முனையில் திருகு மூடி. மூடியை இறுகும்வரை திருகி, ஸ்பிளிட் பின் துளை வரும்வரை சுமார் அரைச் சுற்று தளர்த்துங்கள். முழுக்க இறுக்கி விட்டுவிட்டால் திருப்பியபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. பந்து முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் கிண்ணம் மாற்றிப் பயனில்லை, பந்தையும் மாற்ற வேண்டும். டை ராட் முனைகளின் பல் நட்டு விஷயத்தில் விதி வேறு. இறுக்கிய பிறகு துளை பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடாதீர்கள்.

இந்த ஆர்ம்கள் எதையும் சூடேற்றி வளைக்காதீர்கள், வெல்டு வைத்து நீட்டாதீர்கள். ஹாட் ராட் ஆட்கள் சிலர் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். பதப்படுத்திய எஃகு சூட்டில் பதம் இழந்துவிட்டால், முறியும் நேரம் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

6. பெட்டியை இறக்குதல்

எஃப்-1ல் பெட்டியும் ஸ்டியரிங் தண்டும் ஒரே உருப்படி. தண்டின் கீழ்முனையிலேயே வார்ம் இருக்கிறது. அதனால் ஸ்டியரிங் வீலைக் கழற்றி, டாஷ்போர்டுக்குக் கீழுள்ள பிராக்கெட்டை விடுவித்து, தரைத் தகடுகளை எடுத்து, நீளமான தண்டோடு சேர்த்துத்தான் பெட்டியை இறக்க முடியும். இரண்டு பேர் வேண்டும்.

ஹாரன் கம்பி தண்டின் நடுக்குழாய் வழியாக ஓடி, பெட்டியின் அடியில் வெளியே வருகிறது. அதை வெட்டிவிடாதீர்கள். இழுக்கும் முன் அதன் நுனியில் ஒரு நூல் கட்டுங்கள், திரும்ப இழுத்துச் செருக அந்த நூல் உதவும்.

பிட்மேன் ஆர்மைக் கழற்றும் முன் ஷாஃப்டிலும் ஆர்மிலும் நேருக்கு நேர் பஞ்சால் குறி அடியுங்கள். புல்லர் போட்டு இறுக்கியும் அசையாவிட்டால், இறுக்கிய நிலையிலேயே ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் பெரும்பாலும் கழன்று கிடக்கும். சுத்தியலால் ஷாஃப்டின் நுனியில் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே ரோலரிலும் வார்மிலும்தான் விழும்.

7. திறந்து பார்த்து முடிவெடுங்கள்

இந்தப் பெட்டிக்குள் வார்ம் உடுக்கை மாதிரி இருக்கும், நடுவில் ஒடுங்கி இரு முனையும் பருத்து. செக்டர் ஷாஃப்டில் உள்ள ரோலர் அதன் மரையில் உருண்டு போகிறது. வண்டி நேராகப் போகும்போது ரோலர் நடுவில் நிற்கும். அதனால் தேய்மானம் எல்லாம் நடுவில்தான்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வார்மின் நடுப்பகுதியைப் பாருங்கள். நகத்தை அதன்மேல் ஓட்டுங்கள். மினுமினுப்பான தேய்மானத் தடம் மட்டும் இருந்தால் பயன்படுத்தலாம். நகம் ஒரு குழியில் சிக்கினால் அந்த வார்ம் முடிந்தது. எவ்வளவு பொறுமையாக அட்ஜஸ்ட் செய்தாலும் சில நூறு மைல்களில் பழைய நிலைக்கே வந்துவிடும். ரோலரையும் அப்படியே பாருங்கள், அதன் பேரிங் சொரசொரவென்று சுழன்றால் மாற்ற வேண்டும்.

வார்மின் இரு முனையிலும் உள்ள பேரிங்குகளை எப்படியும் மாற்றிவிடுங்கள், விலை குறைவு. செக்டர் ஷாஃப்டின் புஷ்கள் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடும், எண்ணெயும் ஒழுகும். ஒழுகலுக்கு சீல் மட்டும் மாற்றுவது வீண் வேலை. ஷாஃப்ட் ஆடுகிறவரை எந்த சீலும் தாங்காது. புஷ் போட்டு, ரீமர் பிடித்து, பிறகு புதிய ரப்பர் உதடு சீல் போடுங்கள்.

8. இறுக்கம் வைத்தல்

இரண்டு சரிப்படுத்தல்கள். வரிசை மாறக் கூடாது. முதலில் வார்ம் பேரிங், பிறகு செக்டர்.

செக்டர் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு, வார்மை மட்டும் கவனியுங்கள். மூடிக்கு அடியில் உள்ள ஷிம் தகடுகள்தான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. தண்டை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நீளவாட்டில் அசைந்தால் மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்துவிட்டு மூடியைத் திரும்ப இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். அசைவு நின்று, சுழற்றும்போது லேசான பிடிப்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்டியரிங் வீலைத் தற்காலிகமாக மாட்டி, விளிம்பில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்துப் பார்ப்பதுதான் முறை. இந்த வகைக் கைஸ்டியரிங் பெட்டிகளில் அரை முதல் ஒரு பவுண்டு இழுப்பில் வீல் நகர வேண்டும். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சொரசொரப்போ, சுற்றுக்கு ஒருமுறை இடறலோ இருந்தால் இறுக்கம் போதாது என்று நினைக்காதீர்கள். பேரிங் கிண்ணம் கோணலாக உட்கார்ந்திருக்கும், எடுத்துத் திரும்ப ஏற்றுங்கள்.

அடுத்து நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். வீலை ஒரு முனைவரை மெதுவாகச் சுற்றுங்கள், முட்டும்போது வேகம் கூடாது. அங்கிருந்து மறுமுனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வாருங்கள். அதுதான் பெட்டியின் நடு. வீலின் உச்சியில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இப்போது பிட்மேன் ஆர்மைக் கையால் பிடித்து அசைத்தபடியே செக்டர் திருகை எட்டில் ஒரு சுற்று வீதம் உள்ளே திருகுங்கள். ஆர்மின் நுனியில் ஆட்டம் மறைந்ததும் நிறுத்துங்கள். தராசு இப்போது நடுவைக் கடக்கும்போது முன்பைவிட ஒரு பவுண்டு அளவு கூடுதலாகக் காட்டலாம், அதற்குமேல் வேண்டாம். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க மறக்காதீர்கள். நட்டு இறுகும்போது திருகும் சற்றுக் கூடவே திரும்பிவிடும்.

நடுவில் இறுக்கமாகவும் இரு ஓரங்களிலும் கொஞ்சம் தளர்வாகவும் இருப்பதே இந்தப் பெட்டியின் வடிவமைப்பு. ஓரத்தில் தெரியும் தளர்வைப் போக்க முறுக்காதீர்கள், நடுப்பகுதி நொறுங்கிவிடும். நடுவில் ஆட்டம் போகும் வரை திருகினால் ஓரங்களில் சிக்குகிறது என்றால் வார்ம் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது உறுதியான அடையாளம். திரும்ப 7ஆம் படிக்குப் போங்கள்.

சாதாரண சேஸி கிரீஸை உள்ளே திணிக்காதீர்கள். ரோலர் ஒருமுறை ஒதுக்கித் தள்ளியதும் அது சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், பல்லுக்குத் திரும்பி வராது. கெட்டியான கியர் ஆயில் ஊற்றுங்கள். சீல் புதியதாக இருந்தும் கசிந்தால், விவசாய இயந்திரக் கடைகளில் சோள அறுவடை இயந்திரத்துக்கென்று விற்கும் கூழ் போன்ற கிரீஸ் நன்றாக வேலை செய்கிறது. ஓடும்போது இளகும், நின்றதும் கெட்டிப்படும்.

9. திரும்ப ஏற்றுதல்

பெட்டியை சேஸியில் போல்ட் போட்டு முழுக்க இறுக்குங்கள். அதுவரை டாஷ்போர்டு பிராக்கெட் தளர்வாகவே இருக்கட்டும். இப்போது ஸ்டியரிங் தண்டு தானாக எங்கே நிற்கிறதோ, பிராக்கெட்டை அங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டும். தேவைப்பட்டால் ஷிம் வையுங்கள். தண்டைப் பிராக்கெட்டுக்கு இழுத்துக் கட்டினால் அது வில்லாக வளைந்து, மேசைமேல் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இறுக்கம் எல்லாம் பொய்யாகிவிடும். ஸ்டியரிங் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

சக்கரங்கள் நேராக இருக்கும்போது பெட்டியும் தன் நடுவில் இருந்தாக வேண்டும். ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவதால் இது சரியாகாது, வீலின் ஆரக்கால் பார்க்க மட்டுமே நேராகத் தெரியும். பெட்டி நடுவில், சக்கரம் நேரில், அப்போது டிராக் லிங்க் இழுக்காமல் தள்ளாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் பெரும்பாலும் பொருந்தாது. நீளம் மாற்றக்கூடிய டிராக் லிங்க் வாங்க வேண்டியிருக்கும். தாழ்த்திய வண்டியில் டிராக் லிங்க் சரிந்து நின்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். வண்டி தன் எடையில் நிற்கும்போது அது ஏறத்தாழ மட்டமாக இருக்கட்டும்.

10. காஸ்டர், டோ

சாலையில் வண்டி நேராக ஓடுவதும் திரும்பியபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும் காஸ்டரைப் பொறுத்தது. கிங் பின்னின் தலை வண்டியின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம் அது. ரேடியல் டயரும் கைஸ்டியரிங்கும் உள்ள இத்தகைய முன் ஆக்ஸிலுக்கு 5 டிகிரி அளவு நல்ல தொடக்கம். ஹாட் ராட் ஆர்வலர்கள் மூக்கைத் தாழ்த்தி வாலைத் தூக்குவார்கள். வண்டி முன்பக்கம் 2 டிகிரி சாய்ந்தால் காஸ்டரிலும் அதே 2 டிகிரி போய்விடும். அப்படித் தாழ்த்திய வண்டிகள் நெடுஞ்சாலையில் அலைவதற்கு முக்கியக் காரணம் இதுதான், பழியை ஏற்பது பெட்டி.

கோணமானியை வைத்து அளந்து, குறைவாக இருந்தால் லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வையுங்கள். எஃப்-1ல் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் பின்புறம் வர வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு ஷிம். யூ போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள், நடு போல்ட்டின் தலை ஷிம்மைத் தாண்டி ஆக்ஸிலின் குழியில் உட்காரும் நீளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டோ வீட்டிலேயே பார்க்கலாம். டயரைத் தூக்கிச் சுழற்றி, நடுவில் சுண்ணம் பூசி, ஆணி நுனியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். இரு டயரிலும் இதைச் செய்து, வண்டியை இறக்கி, சில அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஹப் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுக்குக் கோடு அளந்தால், முன்பக்க அளவு 1/16 முதல் 1/8 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். ரேடியலுக்கு 1/16 பக்கமாக வையுங்கள். டை ராடைச் சுழற்றிச் சரிசெய்து கிளாம்பை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

அலைன்மென்ட் கடைக்குப் போவதென்றால், முதலில் தொலைபேசியில் கேளுங்கள். நான் போன ஒரு கடையில் கணினிப் பட்டியலில் இந்த வண்டி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனரக லாரிகளுக்கு அலைன்மென்ட் செய்யும் பட்டறைதான் சரியான இடம். அவர்களுக்குக் கிங் பின்னும் முழு ஆக்ஸிலும் அன்றாட வேலை.

அகலமான டயரும் வெளியே துருத்தும் ரிம்மும் போட்டிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டி 6.00-16 என்ற ஒல்லியான டயரோடு வந்தது. டயரின் நடு கிங் பின் கோட்டிலிருந்து வெளியே விலக விலக, ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். அதை எந்த அட்ஜஸ்ட்மென்டாலும் மாற்ற முடியாது.

11. முதல் ஓட்டம்

வெறிச்சோடிய வாகன நிறுத்துமிடத்தில் மணிக்கு 10 மைல் வேகத்தில் தொடங்குங்கள். இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எதிலும் உரசவில்லை, பிரேக் குழாய் இழுபடவில்லை என்று பாருங்கள். திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்துங்கள், வீல் தானாக நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் செக்டர் திருகு கூடுதலாக இறுகியிருக்கிறது, அல்லது டிராக் லிங்க் மூடி. பிறகு 30, பிறகு 45.

குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்ததுபோல் உதறினால், பிரேக்கை மெதுவாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள். உதறலை அடக்க ஸ்டியரிங் டேம்பர் (அதிர்வை உள்வாங்கும் உருளை) வாங்கி மாட்டச் சொல்வார்கள். காரணம் கிங் பின்னிலோ, டயர் பேலன்ஸிலோ, காஸ்டரிலோ, ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ்ஷிலோ இருக்கிறது. அதைத் தேடாமல் டேம்பர் போட்டால் உதறல் மறையும், தேய்மானம் தொடரும்.

50 மைல் ஓடியதும் யூ போல்ட், பெட்டி போல்ட், பிட்மேன் நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புது யூ போல்ட் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். 500 மைலில் டோவை மறுபடி அளந்து, பெட்டியின் எண்ணெய் அளவைப் பாருங்கள். கிங் பின்னுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். முடிவில் வந்த காஸ்டர், டோ எண்களையும் ஷிம் அளவையும் தேதியோடு எழுதி அந்தக் காப்பீட்டுக் கோப்பிலேயே வையுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது அலைன்மென்ட் பட்டறை முதலில் கேட்பது அதைத்தான்.